‘சர்வர் டவுன்’ என்பது விடையன்று

இந்தியப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை விண்ணப்பத்திற்கோ தேர்வுக் கட்டணத்திற்கோ இறுதி நாள் நெருங்கும்போது ஒரு தொடர் தவறாமல் காதில் விழும்: ‘சர்வர் டவுன்.’ தில்லியில் இந்தி பேசும் எழுத்தரும் ஹைதராபாத்தில் தெலுங்கு பேசும் எழுத்தரும் கொல்கத்தாவில் வங்கம் பேசும் எழுத்தரும் இந்த இரண்டு சொற்களை மட்டும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். மழை பெய்கிறது, கதவை அடையுங்கள் என்று சொல்லும் தொனி அதில் இருக்கிறது. யாரும் பொறுப்பில்லை, யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை, போய்விட்டு நாளை வாருங்கள் என்பது அதன் பொருள். நாளை என்ற ஒன்று அந்த விண்ணப்பத்திற்கு இல்லை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

அந்தத் தொடர் பல வேளைகளில் பொய்யும்கூட. வழங்கி விழுந்திருப்பதில்லை. பக்கம் திறக்கிறது, பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது, பெற்றுக்கொள்கிறது, பிறகு எந்த விளக்கமும் இன்றி மீண்டும் அதே உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டுகிறது. அல்லது சரியான கடவுச்சொல்லைத் தவறு என்கிறது. அல்லது வெற்று வெள்ளைப் பக்கத்தைத் தருகிறது. வழங்கி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன்மேல் ஏற்றப்பட்ட உள்நுழைவு நிரல், சோதனை வழங்கியில் ஒருவிதமாகவும் பொதுப் பயன்பாட்டு வழங்கியில் வேறுவிதமாகவும் நடந்துகொள்கிறது. இது இயற்கைச் சீற்றம் ஆகாது. இரண்டு இயந்திரங்களுக்கு இடையே மனிதக் கை வைத்த ஒரு வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டுக்கு ஒரு பெயர் உண்டு. அதைக் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடிக்க மறுப்பவர் அந்த வேலையின் விலையை மாணவர் தலையில் கட்டுகிறார்.

ஒரு தளத்தின் மற்றப் பக்கங்கள் பழுதுபட்டால் அது இடையூறு. உள்நுழைவு பழுதுபட்டால் மாணவர் அந்த நிறுவனத்தின் பார்வையில் இல்லாதவர் ஆகிவிடுகிறார். விண்ணப்பிக்காதவருக்கும் விண்ணப்பிக்க முடியாமல் போனவருக்கும் தரவுத்தளத்தில் வேறுபாடு கிடையாது. இருவருக்கும் அங்கே வரிசையே இல்லை. ஆகவே உள்நுழைவு நிரலைத் தொழில்நுட்பப் பிரிவின் உள்விவகாரமாக விட்டுவிட முடியாது. அது சேர்க்கை விதியைப் போல, இடஒதுக்கீட்டுப் பட்டியலைப் போல, உரிமை சார்ந்த ஒன்று.

நிரல் ஒன்றே, வழங்கிகள் இரண்டு. விளைவு ஏன் மாறுகிறது? உள்நுழைவு என்பது ஒரே செயலாகத் தோன்றினாலும் குறைந்தது ஐந்து படிகளைக் கொண்டது. வந்த பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்குதல். தரவுத்தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுதல். ‘இவர் உள்ளே வந்துவிட்டார்’ என்பதைச் செஷன் என்னும் குறிப்பில் எழுதி வைத்தல். அந்தக் குறிப்பின் அடையாள எண்ணைக் குக்கியாக உலாவிக்கு அனுப்புதல். அடுத்த பக்கத்திற்குத் திருப்பிவிடுதல். இந்த ஐந்தில் ஒவ்வொன்றும் நிரலுக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்றை நம்பியிருக்கிறது. நிரலை மட்டும் நகலெடுத்துக் கொண்டுபோனவர், அது நம்பியிருந்தவற்றை விட்டுவிட்டுப் போனார். இந்தியக் கல்வி நிறுவனங்களில் பரவலாகப் புழங்கும் பிஎச்பி, மைஎஸ்கியூஎல் கூட்டணியிலிருந்தே சில எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, செஷன் எங்கே எழுதப்படுகிறது என்பது. பிஎச்பி தன் இயல்பான அமைப்பில் செஷனை அந்த இயந்திரத்தின் வட்டில் ஒரு கோப்பாக எழுதுகிறது. சோதனையின்போது இயந்திரம் ஒன்றே. எல்லாம் சரியாக நடக்கும். இறுதி வாரத்தில் கூட்டம் கூடுகிறது என்று இரண்டாவது இயந்திரத்தைச் சேர்த்து, வரும் கோரிக்கைகளை இரண்டுக்கும் பகிர்ந்து அனுப்பினால் என்ன ஆகும்? மாணவி முதல் இயந்திரத்தில் உள்நுழைகிறார், அடுத்த சொடுக்கு இரண்டாவது இயந்திரத்திற்குப் போகிறது, அங்கே அவர் பெயரில் கோப்பு இல்லை, வெளியே தள்ளப்படுகிறார். மீண்டும் முயல்கிறார், சில வேளை நுழைகிறார், சில வேளை இல்லை. ‘கூட்டம் அதிகம், அதனால்தான்’ என்ற விளக்கம் இங்கே பாதி உண்மை. கூட்டத்தைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடே கதவைப் பூட்டியது. செஷனை இரு இயந்திரங்களுக்கும் பொதுவான இடத்தில் வைத்திருந்தால், அல்லது ஒருவரின் கோரிக்கைகள் ஒரே இயந்திரத்திற்குச் செல்லும்படி அமைத்திருந்தால், இந்தச் சிக்கலே எழுந்திராது.

இரண்டாவது, நேரம். கடவுச்சொல்லை மறந்தவருக்கு முப்பது நிமிடம் செல்லுபடியாகும் இணைப்பு ஒன்று மின்னஞ்சலில் வருகிறது. சோதனை வழங்கியில் பிஎச்பியும் தரவுத்தளமும் இந்திய நேரத்தில் இயங்குகின்றன. புதிய வழங்கியில் பிஎச்பி உலகப் பொது நேரத்திலும் தரவுத்தளம் இந்திய நேரத்திலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்க. காலை 10 மணிக்குக் கோரிய இணைப்புக்குப் பிஎச்பி எழுதும் முடிவு நேரம் காலை 5 மணி. தரவுத்தளத்தின் கடிகாரம் 10 என்கிறது. இணைப்பு பிறக்கும்போதே ஐந்து மணிநேரம் முன்னதாகக் காலாவதியாகி இருக்கிறது. மாணவி எத்தனை விரைவாகச் சொடுக்கினாலும் ‘தாமதமாகிவிட்டது’ என்றே பதில் வரும். அமைப்பு நேர்மாறாக இருந்தால் முப்பது நிமிட இணைப்பு ஆறு மணிநேரம் உயிரோடிருக்கும். அதைப் பற்றி எவரும் புகார் செய்யமாட்டார். ஆனால் பாதுகாப்பில் அது ஓட்டை. இரண்டும் ஐந்தரை மணிநேரம் என்ற ஒரே எண்ணின் விளைவு.

மூன்றாவது, தரவுத்தளத்தின் கண்டிப்பு. பிஎச்பி இன்று பரவலாகப் பயன்படுத்தும் பிகிரிப்ட் முறையில் கடவுச்சொல்லின் ஹாஷ் 60 எழுத்து நீளம் கொண்டது. அதைச் சேமிக்கும் பத்தியை 50 எழுத்துக்கு மட்டும் அமைத்தால் பத்து எழுத்து வெட்டுப்படும். வெட்டுப்பட்ட ஹாஷோடு எந்தக் கடவுச்சொல்லும் ஒருபோதும் பொருந்தாது. பழைய மைஎஸ்கியூஎல் வழங்கி இதை ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். நிரல் அந்த எச்சரிக்கையைப் படிக்காது. 2015 அக்டோபரில் வெளிவந்த 5.7 பதிப்பு முதல் கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்குகிறது. அது பதிவையே மறுத்துப் பிழையைச் சொல்லும். ஒரு வழங்கியில் பதிவு வெற்றி, உள்நுழைவு தோல்வி. இன்னொன்றில் பதிவே தோல்வி. நோய் ஒன்று, குறி இரண்டு.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள். பக்கத்தின் தலைப்பை இந்தியிலோ தமிழிலோ எழுத விரும்பிய ஒருவர் கோப்பைப் பழைய நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 வடிவில் சேமிக்கிறார். அந்த நோட்பேட் கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட்டு கொண்ட ஓர் அடையாளத்தைத் தானாகச் சேர்க்கும். குக்கியும் திருப்பிவிடும் ஆணையும் பக்கத்தின் உள்ளடக்கத்திற்கு முன்னால் போக வேண்டியவை. அந்த மூன்று பைட்டும் உள்ளடக்கமாகக் கருதப்பட்டு முந்திக்கொள்கின்றன. வெளியீட்டைத் தேக்கிவைத்து அனுப்பும் அமைப்பு உள்ள வழங்கியில் இது தெரியாமலே போய்விடும். தேக்கம் இல்லாத வழங்கியில் உள்நுழைவு முறிந்துவிடும். ‘இந்திய மொழி போட்டதால்தான் கெட்டது, ஆங்கிலத்திலேயே வைத்திருக்கலாம்’ என்ற முடிவுக்கு அலுவலகம் வந்துசேர்வதற்கு இதுவே போதும். குற்றவாளி மொழியன்று, சேமித்த முறையும் இரண்டு வழங்கிகளின் அமைப்பு வேறுபாடுமே.

ஐந்தாவது, சிலருக்கு மட்டும் நிகழும் தோல்வி. பிஎச்பியின் பழைய பதிப்புகளில், வரும் சொற்களிலுள்ள மேற்கோள்குறிக்கு முன் பின்சாய்கோடு ஒன்றைத் தானாகச் சேர்க்கும் வசதி இருந்தது. 2012-இல் வெளிவந்த 5.4 பதிப்பில் அது நீக்கப்பட்டது. பழைய வழங்கியில் பதிவு செய்தவரின் கடவுச்சொல்லில் மேற்கோள்குறி இருந்திருந்தால் அது சாய்கோட்டோடு சேர்த்தே ஹாஷ் செய்யப்பட்டிருக்கும். புதிய வழங்கிக்கு அதே கடவுச்சொல் சாய்கோடின்றி வரும். இரண்டு ஹாஷும் ஒத்துப்போகாது. மற்றவர்கள் எல்லாரும் நுழைவார்கள். அந்தச் சிலர் மட்டும் ‘சரியாகத் தட்டச்சு செய்யத் தெரியாதவர்கள்’ ஆவார்கள்.

இந்த ஐந்திலும் மாணவர் செய்த பிழை எது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இங்கே கூடம் உண்மையிலேயே கோணல். கோணலாகக் கட்டியவரே ஆடுபவளைப் பார்த்துக் குறை சொல்கிறார்.

இனி, அலுவலகங்களிலிருந்து வழக்கமாக வரும் பதில்களைப் பார்க்கலாம்.

‘எங்கள் கணினியில் சரியாக வேலை செய்கிறதே’ என்பது முதல் பதில். அது மறுப்பாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது மிக மதிப்புள்ள சான்று. ஓரிடத்தில் நடக்கிறது, ஓரிடத்தில் நடக்கவில்லை என்றால் தேடவேண்டிய பரப்பு அந்த இரண்டிடத்துக்கும் இடையேயான வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது. சான்றைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கைத் தள்ளுபடி செய்யும் விநோதம் இது. இந்தப் பதிலை ஏற்கும் அதே வளாகத்தில், ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவர் ‘என் ஆய்வகத்தில் இந்த முடிவு வந்தது, வேறிடத்தில் வராவிட்டால் அது அவர்கள் பிரச்சினை’ என்று சொன்னால் என்ன நடக்கும்? 2016-இல் நேச்சர் இதழ் 1,576 ஆய்வாளர்களிடம் நடத்திய கருத்தெடுப்பில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறர் சோதனையை மீண்டும் நிகழ்த்த முயன்று தோற்றதாகச் சொன்னார்கள். அதன்பின் மறுநிகழ்த்தல் பற்றி எத்தனை கருத்தரங்குகள், எத்தனை உரைகள்! கருத்தரங்குக்குப் பதிவு செய்யும் பக்கத்திற்கு மட்டும் அந்த அறிவியல் பொருந்தாதோ?

‘வேறு உலாவியில் முயலுங்கள், கேஷை அழியுங்கள்’ என்பது இரண்டாவது பதில். வேறு உலாவியில் வேலை செய்தால் அது தீர்வன்று, தடயம். 2020 பிப்ரவரியில் குரோம் 80-ஆம் பதிப்பு, பிற தளங்களிலிருந்து வரும் கோரிக்கைகளோடு குக்கியை அனுப்பும் விதியைக் கடுமையாக்கத் தொடங்கியது. கட்டணம் செலுத்த வங்கிப் பக்கத்திற்குப் போய்த் திரும்பும் மாணவரின் செஷன் குக்கி இதனால் அனுப்பப்படாமல் போகலாம். பணம் போயிருக்கும், தளம் அவரை அடையாளம் தெரியாதவராக நிறுத்தும். பழைய உலாவியில் இந்தச் சிக்கல் வராது. ‘பழைய உலாவியைப் பயன்படுத்துங்கள்’ என்று சொல்லி அனுப்புவது எளிது. குக்கியின் அமைப்பைத் திருத்துவது நிறுவனத்தின் கடமை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து அமர்ந்திருக்கும் மாணவரிடம் ‘முயன்றுகொண்டே இருங்கள்’ என்பது அறிவுரையாகாது, அது அபராதம்.

மூன்றாவது பதில் சொல்லாக வருவதில்லை; செயலாக வருகிறது. ஏதேனும் ஒன்றை மாற்றிப் பார்ப்பது. கோப்புறைக்கு எல்லாருக்கும் எழுதும் உரிமை தருவது. தரவுத்தளத்தின் கண்டிப்பை அணைப்பது. பிழைச் செய்திகளைப் பொதுமக்கள் கண்ணில் படும்படி திறந்துவிடுவது. பிஎச்பியின் பழைய பதிப்புக்கே திரும்பிப் போவது. நான்கில் ஒன்று பலிக்கும். எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. நான்கும் அப்படியே நிலைத்துவிடும். பழைய பதிப்புக்குத் திரும்புவதன் ஆபத்தை ஓர் எடுத்துக்காட்டு காட்டும். எட்டாம் பதிப்புக்கு முன் பிஎச்பியில், தளர்வான சமக்குறியால் ஒப்பிட்டால் பூச்சியம் என்ற எண்ணும் எண்ணல்லாத ஒரு சொல்லும் சமம் என்று விடை வரும். கடவுச்சொல்லை மறைக்காமல் சேமித்து அப்படி ஒப்பிடும் நிரலுக்கு, கடவுச்சொல்லின் இடத்தில் எண் பூச்சியத்தை அனுப்பத் தெரிந்த எவரும் உள்ளே வந்துவிடலாம். 2020 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பு இதைத் திருத்தியது. புதிய வழங்கி கதவை மூடுகிறது, பழையது திறக்கிறது என்ற புகாருக்குப் பின்னால் இப்படியோர் ஓட்டையும் இருக்கலாம். காரணம் தேடாமல் பழையதற்குத் திரும்புபவர், ஓட்டையைத் தேர்ந்தெடுத்துத் திரும்புகிறார். ஏழாம் வரிசையின் கடைசிப் பதிப்பான 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன என்பதும் நினைவிலிருக்கட்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. பல நிறுவனங்களில் தளத்தைக் கவனிக்க ஒரே ஒருவர். அவரும் ஒப்பந்தப் பணியாளர். அவருக்கு முந்தையவர் எந்தக் குறிப்பும் வைக்காமல் போனவர். வழங்கி வெளியார் கையில். இது உண்மை. அவரைக் குறிவைத்து எழுதப்பட்டதன்று இந்தக் கண்டனம். இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் திட்டு வாங்குபவர் அவர். முடிவெடுக்கும் மேசையில் அவருக்கு நாற்காலி இல்லை. கேள்வி அந்த மேசையை நோக்கியது. நிரலை வாங்கும்போது அது எந்தப் பதிப்புகளில், எந்த அமைப்புகளில் இயங்கும் என்ற ஒரு பக்கக் குறிப்பை ஏன் கேட்டு வாங்கவில்லை? சோதனை வழங்கியும் பொது வழங்கியும் ஒத்திருக்க வேண்டும் என்ற ஒற்றை வரி ஒப்பந்தத்தில் ஏன் இல்லை? இரண்டு வழங்கிகளின் அமைப்புப் பட்டியலையும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுவதற்குக் கோடிக்கணக்கில் நிதி வேண்டியதில்லை. இலவசக் கருவிகளும் ஒரு பிற்பகலும் போதும். அந்தப் பிற்பகலைத் தராத நிர்வாகம், ஆயிரம் மாணவர்களின் பிற்பகல்களைத் தயங்காமல் எடுத்துக்கொள்கிறது.

‘எல்லாவற்றையும் கன்டெய்னரில் போட்டுவிட்டால் தீர்ந்தது’ என்பாரும் உண்டு. 2013-இல் வெளிவந்த டாக்கர், நிரலையும் அது நம்பியிருக்கும் பதிப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டித் தருகிறது, பெரும் உதவிதான். ஆனால் செஷனை எங்கே வைப்பது, கோரிக்கைகளை எப்படிப் பகிர்வது, தரவுத்தளத்தின் கடிகாரம் எது என்பவை பொதிக்கு வெளியே நிற்கின்றன. கருவி முறையியலுக்குத் துணை நிற்கும். அதன் இடத்தை நிரப்பாது.

முறையியல் என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றுமன்று. இளநிலை ஆய்வகத்திலேயே கற்பிக்கப்படுவது அது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை, ஐந்து படிகளில் எந்தப் படிவரை சரியாக வந்தது என்று பதிவேட்டில் பார், ஊகத்தைச் சோதி, தவறினால் கைவிடு. கணினி அறிவியல் துறை பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர் தம் ஒற்றைக் கணினியில், விண்டோஸில், எழுதி இயக்கிக் காட்டியவுடன் செய்முறை மதிப்பெண் முடிந்துவிடுகிறது. அதே நிரலை லினக்ஸுக்குக் கொண்டுபோனால் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகி அது நின்றுவிடும் என்பதை அவர் வேலைக்குப் போன பிறகே அறிகிறார். 2015 டிசம்பரில் வெளிவந்த பிஎச்பி ஏழாம் பதிப்பில் நீக்கப்பட்ட பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகளைக் கொண்ட பாடக்குறிப்புகள் இன்றும் கைமாறுகின்றன. இன்னொரு வழங்கியில் இயக்கிக் காட்டுவதையும், இயங்காவிட்டால் காரணத்தை எழுதித் தருவதையும் செய்முறைத் தேர்வின் பகுதியாக்கினால், நாட்டின் பாதி ‘சர்வர் டவுன்’ வகுப்பறையிலேயே தீர்ந்துவிடும் என்று சொல்வது மிகையானாலும் தவறான திசையிலான மிகையன்று.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

ஒன்று: உள்நுழைவு தோற்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தோடும் ஓர் எண்ணோடும் கூடிய செய்தி மாணவருக்குக் காட்டப்பட வேண்டும்; அதே எண் நிறுவனத்தின் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். கடவுச்சொல் எந்தப் பதிவேட்டிலும் இருக்கக் கூடாது.

இரண்டு: அந்தப் பதிவேடுகள் அழிக்கப்படாமல் காக்கப்பட வேண்டும். இது புதிய சுமையன்று. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, அரசு அமைப்புகள் உட்படப் பலரும் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், தம் கணினிகளின் கடிகாரத்தைத் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும் ஏற்கெனவே சொல்கிறது. ஐந்தரை மணிநேரக் குழப்பத்தில் மாணவரைத் தள்ளும் நிறுவனம் முதலில் தன் கடிகாரத்தைப் பார்க்கட்டும்.

மூன்று: இறுதி நாளுக்கு முந்தைய வாரத்தில் வழங்கியின் அமைப்பில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. தவிர்க்க முடியாமல் செய்தால், என்ன மாறியது என்பது தளத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும்.

நான்கு: உள்நுழைய முயன்று தோற்றது பதிவேட்டில் இருந்தால் அந்த மாணவருக்குக் கால நீட்டிப்பு தானாகவே கிடைக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை மாணவர் மேல் இருக்கக் கூடாது. அவரிடம் இருப்பது ஒரு திரைப்படமெடுத்த படம். நிறுவனத்திடம் இருப்பது முழுப் பதிவேடு. யாரிடம் சான்று இருக்கிறதோ அவரே அதைக் காட்ட வேண்டும்.

இவற்றில் எதுவும் நிறைவேறும்வரை, ஆய்வாளர் சங்கங்களும் ஆசிரியர் அமைப்புகளும் மாணவர் பேரவைகளும் குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம்: ‘சர்வர் டவுன்’ என்ற தொடரை விடையாக ஏற்க மறுக்கலாம். எந்த வழங்கி, எத்தனை மணிக்கு, எந்தப் படியில் நின்றது, வேலை செய்த வழங்கிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எழுத்தில் கேட்கலாம். இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை உண்டு. விடை இருந்தும் சொல்லாத நிறுவனம், தன் மாணவரிடம் தரவையும் சான்றையும் கேட்டு மதிப்பெண் போடும் தகுதியை எங்கிருந்து பெறுகிறது?